மூன்றாம் வால்வுக்கு நான் வைத்திருந்த தனி வழி

நான் வேலை பார்த்த அலுவலகத்தின் வாட்ஸ்அப் குழுவிலிருந்து என்னை இன்னும் நீக்கவில்லை. போன மாதம் அதில் புதிதாகச் சேர்ந்த ஒரு பெண் கேட்டிருந்தாள். "நம்ம சிஸ்டத்துல எல்லா கமாண்டும் ஒரே இன்டர்ஃபேஸ் வழியா போவுதே, இந்த ஐடியா யாருது? சூப்பரா இருக்கு." அதற்குக் கீழே மூன்று பேர் என் பெயரைப் போட்டு, கைகூப்பும் படமும் போட்டிருந்தார்கள். சிவலிங்கம் சார் காலத்தில் செய்ததாம்.

என் காலத்தில் செய்ததுதான், ஆனால் நான் செய்தது அல்ல. அதை மறுத்து ஒரு வரி எழுத எனக்கு இரண்டு நாள் பிடித்தது. அந்த இரண்டு நாளும் போனை எடுத்து எடுத்து அந்தக் கைகூப்பலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். சும்மா சொல்லக்கூடாது, இனித்தது. மூன்றாம் நாள் மனசைக் கல்லாக்கிக்கொண்டு, "அது ஸ்டெல்லா மேரி செய்தது" என்று தட்டி அனுப்பினேன். அந்தப் பெண் மட்டும், "யார் சார் அவங்க, சொல்லுங்களேன்" என்று கேட்டாள். அது வாட்ஸ்அப்பில் சொல்லி முடிக்கிற சங்கதியில்லை. அதனால்தான் இதை உட்கார்ந்து எழுதுகிறேன்.

நான் டிப்ளமோ முடித்தவன். சென்னையில் ஒரு மோட்டார் கம்பெனியில் சில வருடம் பேனல் போர்டுக்கு ஒயர் இழுத்தேன், ராத்திரிப் படிப்பில் புரோகிராம் எழுதக் கற்றேன், சென்னை ஒத்துக்கொள்ளாமல் விழுப்புரத்துக்கே திரும்பினேன். படித்த கதை அவ்வளவுதான். டயர் கடை மாடியில் இருந்த அலுவலகத்தில் என்னைச் சேர்த்துக்கொண்டவர் தாமோதரன் சார். ரைஸ் மில், பால் பிளான்ட் போன்ற இடங்களுக்குத் தானாக இயங்கும் கன்ட்ரோல் செய்து கொடுப்பது எங்கள் தொழில்.

தாமோதரன் சார் யாரையும் திட்ட மாட்டார். சட்டைப் பையில் எப்போதும் வறுத்த மல்லாட்டை, அதாவது தோலோடு வேர்க்கடலை, வைத்திருப்பார். நாம் பேசப் பேசக் கேட்டுக்கொண்டே இருப்பார். நம் பேச்சில் எங்கேயாவது ஓட்டை விழுந்தால் பையில் கைவிட்டு ஒன்றை எடுத்து உரிக்க ஆரம்பிப்பார். ஓட்டை பெரிதென்றால் உரித்ததை நம் கையிலேயே கொடுத்துவிடுவார். இருபத்தைந்து வருடத்தில் நான் ஒரு மூட்டை மல்லாட்டையாவது அவர் கையால் வாங்கித் தின்றிருப்பேன்.

எங்காவது ஒரு பிளான்ட்டில் கோளாறு என்றால் அவரிடம் ஒரு முறை உண்டு. சம்பந்தப்பட்ட எல்லோருக்கும் ஆளுக்கொரு வெள்ளைத் தாள் கொடுப்பார். "நீ இன்னா நெனச்சன்னு எனக்கு வேணாம். உன் கை இன்னா பண்ணிச்சு, அத மட்டும் மணி போட்டு எழுது" என்பார். எந்தப் பட்டனை எத்தனை மணிக்கு அழுத்தினேன், எந்தத் திருகைத் திருகினேன், யாருக்குப் போன் செய்தேன் என்று எழுத வேண்டும். பிறகு எல்லாத் தாளையும் மேசையில் வரிசையாகப் பரப்பி, நேரத்தைக் கோத்துப் பார்ப்பார். பாதிக் கோளாறு அங்கேயே பிடிபட்டுவிடும்.

நான் செய்த வேலைகளில் எனக்குப் பெருமை தந்தது திண்டிவனம் தாண்டி ஒலக்கூர் போகிற வழியில் இருந்த ஒரு தனியார் பால் பிளான்ட். சுற்று ஊர்ப் பால் காலையும் மாலையும் அங்கே வந்து சேரும். இரண்டு பெரிய டேங்க்குகள், குளிரூட்டும் இயந்திரம், அவற்றை இணைக்கும் குழாய்கள், வால்வுகள், மோட்டார்கள். இவை அத்தனையையும் ஒரு கம்ப்யூட்டரில் ஓடும் ஐந்து தனித்தனி புரோகிராம்கள் கவனித்தன. ஒன்று வால்வைத் திறந்து மூடும். ஒன்று மோட்டாரை ஓட்டும். ஒன்று வெப்பத்தைப் பார்க்கும். ஒன்று, பால் போன பிறகு காஸ்டிக் சோடா கலந்த தண்ணீர் விட்டுக் குழாயைக் கழுவும். ஐந்தாவது, ஆபரேட்டர் பார்க்கும் திரை.

இந்த ஐந்தும் ஒன்றோடொன்று பேசியாக வேண்டும். அதற்கு நான் ஒவ்வொரு கமாண்டுக்கும் ஒரு தனி வழி போட்டிருந்தேன். மூன்றாம் வால்வைத் திறக்க ஒரு வழி, மூட இன்னொரு வழி, மோட்டாருக்கு வேறு. மொத்தம் இருபத்தேழு. எந்த வழியில் எந்தச் சொல்லைப் போட்டால் எது அசையும் என்பது எனக்கும் என் நோட்டுக்கும்தான் தெரியும். திரையில் இருந்ததோ நாலைந்து பட்டன்தான். மற்றதற்கெல்லாம் பிளான்ட்டிலிருந்து எனக்குப் போன் வரும். "சார், மோட்டார் நிக்குது." "சார், ரெண்டாவது டேங்க்கு பேஜாரு பண்ணுது." விழுப்புரத்தில் சோற்றுத் தட்டின் முன்னால் உட்கார்ந்தபடியே லேப்டாப்பில் ஒரு சொல்லைத் தட்டுவேன். நாற்பத்தைந்து கிலோமீட்டருக்கு அப்பால் வால்வு திறக்கும். "அடேங்கப்பா, கும்புடறேன் சார்" என்பான் ஆபரேட்டர் ஏழுமலை. இதைவிட ஒரு மனிதனுக்கு வேறென்ன வேண்டும்!

இந்த நிலைமையில்தான் ஸ்டெல்லா மேரி வந்து சேர்ந்தாள். திண்டிவனத்தில் படித்த பெண், ஒப்பந்த வேலை, வருடா வருடம் புதுப்பிக்க வேண்டும். வந்த நாலாவது மாதம் போர்டில் ஒரு கட்டம் போட்டாள். ஒரு பக்கம் கேட்பவர்கள், மறு பக்கம் செய்பவர்கள், நடுவில் ஒரே ஒரு பெட்டி.

"சார், இருபத்தேழு கமாண்டு இருக்கு. கேக்கறவங்களுக்கு இருபத்தேழு எடம் தெரியணுமா இன்னா? எல்லாத்தையும் ஒரே இன்டர்ஃபேஸ்ல சேத்துடலாம். கேக்கறவங்க அதுகிட்ட மட்டும் கேட்டா போதும். எத யாருக்கு அனுப்பணும்னு அதுக்குத் தெரியும். இப்ப பண்ணக்கூடாதுன்னா முடியாதுன்னு சொல்லும், ஏன் முடியாதுன்னும் சொல்லும். யார் எப்ப கேட்டாங்கன்னு எழுதியும் வெச்சிக்கும்."

எளிமையான யோசனைதான். இத்தனை வருடம் எனக்கு ஏன் தோன்றவில்லை என்று அந்த நிமிடமே வயிறு காந்த ஆரம்பித்தது. உடனே எழுந்தேன். "ஒரே எடத்துல எல்லாத்தையும் வெச்சா, அது படுத்துக்கிச்சுன்னா மொத்த பிளான்ட்டும் படுத்துக்குமே, அப்ப இன்னா பண்ணுவ?" என்றேன். நியாயமான கேள்விதான், ஆனால் நான் நியாயத்துக்காகக் கேட்கவில்லை. அது நின்றால் வால்வுகள் எல்லாம் தாமாக மூடிக்கொள்ளும், அதுவும் இரண்டு நொடியில் திரும்ப எழுந்துவிடும் என்று அதற்கும் அவளிடம் பதில் இருந்தது. தாமோதரன் சார் பைக்குள் கைவிட்டார். உரித்த மல்லாட்டையை என் கையில் வைத்தார்.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். எங்கள் வீட்டில் சொந்த நிலம். ஸ்டெல்லாவின் அப்பா எங்களைப் போன்றவர்களின் நிலத்தில் கூலிக்குப் போனவர். இதை யாரும் அலுவலகத்தில் பேசியதில்லை, நானும் பேசியதில்லை. ஆனால் எங்கள் சொந்தக்காரப் பையன் யாராவது அதே போர்டில் அதே கட்டத்தைப் போட்டிருந்தால் எனக்கு இவ்வளவு எரிந்திருக்குமா என்று பின்னால் என்னையே கேட்டுக்கொண்டேன். எரிந்திருக்கும். ஆனால் இவ்வளவு எரிந்திருக்காது.

தாமோதரன் சார் அவளிடம் சொன்னார். "மொதல்ல இந்த பால் பிளான்ட்டுல போடு. மூணு மாசம் கோளாறு இல்லாம ஓடட்டும். ஓடிச்சுன்னா நம்ம எல்லா பிளான்ட்டுக்கும் இதான். நீதான் அதுக்கு பொறுப்பு, வேலையும் நிரந்தரம்." எல்லா பிளான்ட்டுக்கும் பொறுப்பு என்பது அதுவரை என் நாற்காலி. அவர் அதைச் சொன்னபோது என் பக்கம் திரும்பக்கூட இல்லை.

ஸ்டெல்லா மரியாதை தெரிந்தவள். பழைய வழிகளை மூடும் வேலையை அவளே செய்திருக்கலாம். ஆனால் இருபத்தேழையும் ஒரு தாளில் வரிசையாக அச்சடித்துக்கொண்டு என்னிடம் வந்தாள். "நீங்க போட்டதுங்க சார். நீங்களே மூடிட்டு டிக் போட்டு குடுங்க. நான் கை வெச்சா நல்லா இருக்காது" என்றாள். நான் இருபத்தாறை மூடினேன். டிக் இருபத்தேழுக்கும் போட்டேன். மூடாமல் விட்டது, முதல் டேங்க்குப் பாலை டேங்கர் லாரிக்கு விடும் மூன்றாம் வால்வைத் திறக்கும் வழி. அந்த பிளான்ட்டில் நான் முதன்முதலாக அசைத்தது அந்த வால்வைத்தான். எனக்கென்று ஒன்றாவது இருக்கட்டுமே என்று நினைத்தேன். யாருக்கு என்ன நஷ்டம் என்றும் நினைத்தேன்.

அவளுடைய இன்டர்ஃபேஸ் ஓடத் தொடங்கியது. என் போன் நின்றுபோனது. முதல் வாரம் நாலைந்து அழைப்பு வந்தது, அடுத்த வாரம் ஒன்று, அதற்கடுத்த வாரம் சிம் கார்டு கெட்டுவிட்டதா என்று நானே வீட்டுக்காரியின் போனிலிருந்து என் எண்ணுக்கு அடித்துப் பார்த்தேன். ஏழுமலைக்கு இப்போது எல்லாம் திரையிலேயே கிடைத்தது. ஏதாவது முடியாது என்றால், ஏன் முடியாது என்று தமிழிலேயே எழுத்து வந்தது. ஒருநாள் நானாகவே கூப்பிட்டு, "இன்னாப்பா ஏழுமலை, எல்லாம் ஒழுங்கா போவுதா?" என்றேன். "பஸ்ட் கிளாஸ் சார். ஸ்டெல்லா மேடம் கலக்கிட்டாங்க" என்றான். போனை வைத்த பிறகு, எனக்குத் தெரிந்த கெட்ட வார்த்தைகளையெல்லாம் சுவரைப் பார்த்துச் சொன்னேன்.

மூன்று மாதம் முடிய ஒன்பது நாள் இருந்தபோது அது நடந்தது. காலை ஒன்பதே முக்கால். ஏழுமலை கூப்பிட்டான். அவன் பெயரைத் திரையில் பார்த்ததும் எனக்கு உண்டான குஷியை எழுதவே வெட்கமாக இருக்கிறது.

"சார், டேங்கர் வந்து நின்னுக்கினு இருக்குது. டிரைவர் ஆரன் அடிச்சே உசுர வாங்கறான். மூணாவது வால்வு தொறக்க மாட்டேங்குது சார். கழுவிக்கினு இருக்குதாம், இன்னும் பதினாலு நிமிஷம் ஆவுமாம். பழைய மாதிரி நீங்க போட்டு உடுங்க சார், ஜல்தியா."

"கழுவி முடிஞ்சிதா இல்லியா?"

"அதெல்லாம் முடிஞ்சிது சார். சும்மா நல்ல தண்ணிதான் ஓடுது."

அவளுடைய பதிவைத் திறந்து பார்த்திருந்தால் கழுவல் எந்தக் கட்டத்தில் இருக்கிறது என்று அரை நிமிடத்தில் தெரிந்திருக்கும். அதைத் திறப்பதே எனக்குக் கௌரவக் குறைச்சலாக இருந்தது. அவள் சிஸ்டம் முடியாது என்கிறது, நான் முடித்துக் காட்டுகிறேன். லேப்டாப்பை எடுத்தேன். பழைய வழியில் பழைய சொல்லைத் தட்டினேன். "தொறந்துச்சு சார்!" என்று ஏழுமலை கத்தினான். "பின்ன?" என்றேன் நான்.

ஓடிக்கொண்டிருந்தது நல்ல தண்ணீர் இல்லை, காஸ்டிக். அது திறந்த வால்வு வழியாக முதல் டேங்க்கில் இருந்த காலைப் பாலுக்குள் போய்விட்டது. டேங்கரில் ஏற்றுவதற்கு முன் பரிசோதனை செய்கிற பெண் கண்டுபிடித்துவிட்டாள், அந்த மட்டும் தெய்வம் காப்பாற்றியது. ஒரு சொட்டுக்கூட வெளியே போகவில்லை. ஆனால் முப்பது ஊர் மாட்டுக்காரர்கள் விடியலில் கறந்து கொண்டுவந்த பால் அத்தனையும் கழிவுக் குழிக்குப் போனது. பிளான்ட் முதலாளி தாமோதரன் சாரைக் கூப்பிட்டு, "அந்தப் புது சிஸ்டத்தக் கழட்டி எடுத்துக்கினு போங்கய்யா" என்று கத்தினாராம்.

அன்று மத்தியானமே நாங்கள் பிளான்ட்டில் இருந்தோம். நாங்கள் போய்ச் சேர்வதற்குள் ஏழுமலை எனக்கு இன்னொரு தடவை போன் செய்திருந்தான். "சார், உங்கள கூப்பிட்டத நான் சொல்ல மாட்டேன் சார். நீங்களும் சொல்லாதீங்க. என் வேல பூடும் சார்." நான் ஆகட்டும் என்று சொல்லவில்லை, மாட்டேன் என்றும் சொல்லவில்லை. தாமோதரன் சார் எனக்கும் ஸ்டெல்லாவுக்கும் ஏழுமலைக்கும் பரிசோதனைப் பெண்ணுக்கும் தாள்களைக் கொடுத்தார். நான் என் தாளில், "காலை முதல் விழுப்புரம் அலுவலகத்தில் அரிசி ஆலை வரைபடம் பார்த்துக்கொண்டிருந்தேன்" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

நாலு தாளையும் அவர் பரப்பினார். ஸ்டெல்லாவின் பதிவையும் பக்கத்தில் வைத்தார். ஏழுமலையின் தாள்படி, ஒன்பது நாற்பத்தாறுக்கு மூன்றாம் வால்வு தானாகவே திறந்திருக்கிறது. திறக்கச் சொல்லி யாரும் கேட்டதாகப் பதிவில் ஒரு வரி இல்லை. யாரும் கேட்காமல் வால்வு திறந்தது என்றால், நடுவில் இருக்கிற அவளுடைய பெட்டிதான் தப்பு செய்திருக்கிறது. வேறு எப்படி யோசித்தாலும் அங்கேதான் வந்து முட்டியது. தாமோதரன் சார் பையில் கைவிடவே இல்லை.

"மூணு நாள் டைம் தர்றேன்மா. கண்டுபிடி. இல்லன்னா பழசத்தான் போடணும்" என்றார்.

ஸ்டெல்லா அந்த மூன்று நாளும் பிளான்ட்டின் பேனல் அறையை விட்டு அகலவில்லை. எழுதிய ஒவ்வொரு வரியையும் திரும்பப் படித்தாள். மூன்றாம் வால்வை நூறு தடவை திறந்து மூடினாள். அவளுக்கு உதவி என்று என்னைத்தான் அனுப்பினார்கள். பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து, "இங்க பாத்தியா? அங்க பாத்தியா?" என்று இல்லாத இடங்களைக் காட்டிக்கொண்டிருந்தேன். இதற்கிடையில் பிளான்ட்டில் அவளுடைய பட்டன்களைத் தொட எல்லோரும் பயந்தார்கள். எதற்கெடுத்தாலும் என்னிடமே வந்தார்கள். "சார், நீங்களே சொல்லுங்க சார்." எத்தனை நாளைக்குப் பிறகு! எனக்கு அந்த மூன்று நாளும் நல்ல பசி எடுத்தது, நல்ல தூக்கம் வந்தது. இப்படிப்பட்ட ஜென்மம் நான்.

மூன்றாம் நாள் மத்தியானம் அவள் லேப்டாப்பை என் பக்கம் திருப்பினாள். கண்ணுக்குக் கீழே கறுத்திருந்தது. தாமோதரன் சாருக்கு ஒரு கடிதம் எழுதி, அனுப்பாமல் வைத்திருந்தாள். 'குறை எங்கே என்று என்னால் கண்டுபிடிக்க முடியவில்லை. கண்டுபிடிக்க முடியாத குறையோடு ஒரு சிஸ்டத்தை நான் எங்கேயும் போடக்கூடாது. ஆகவே திரும்ப எடுத்துக்கொள்கிறேன். ஒப்பந்தத்தைப் புதுப்பிக்க வேண்டாம்.'

"ஒருதரம் படிச்சுப் பாருங்க சார். உங்க வழிதான் சரி போல இருக்கு. நான்தான் ஏதோ பெருசா பண்றதா நெனச்சுட்டேன்" என்றாள்.

நான் மூன்று மாதமாகக் கேட்கத் தவித்த வார்த்தை அது. கடிதத்தை இரண்டு தடவை படித்தேன். இரண்டாவது தடவை, சந்தோஷத்துக்காகவே படித்தேன். 'சரிம்மா, அனுப்பு' என்று சொல்ல வாயைத் திறந்தேன்.

அதற்குள் அவளே பேசினாள். "நேத்து ஒரு செகண்டு எனக்கு ஒண்ணு தோணிச்சு சார். பழைய வழி எதாவது மூடாம தவறி இருக்குமோன்னு. லிஸ்ட்ட எடுத்துப் பாத்தேன். மூணாவது வால்வுக்கு நேரா உங்க டிக் இருந்துச்சு. ச்சீ, சார் கையெழுத்தையே சந்தேகப்படறமேன்னு எனக்கே அசிங்கமாப் போச்சு. வெச்சுட்டேன். மன்னிச்சிடுங்க சார்."

அவள் என்னிடம் மன்னிப்புக் கேட்டாள்! பேசினால் வேறு ஏதாவது பொய் வந்துவிடும் என்று பயந்து, என் லேப்டாப்பைத் திறந்தேன். டேங்க் இரண்டும் அப்போது காலி, குழாயில் ஒன்றும் இல்லை. அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே பழைய சொல்லைத் தட்டினேன். வெளியே மூன்றாம் வால்வு 'டக்' என்று திறந்தது. அவள் தன் பதிவைத் திரும்பிப் பார்த்தாள். அதில் புதிதாக ஒரு வரியும் விழவில்லை.

உடனே ஸ்டெல்லா தாமோதரன் சாருக்குப் போன் போட்டு என் கையில் கொடுத்தாள். நான் சொன்னேன். ஏழுமலை கூப்பிட்டதையும் சொன்னேன், டிக் போட்டதையும் சொன்னேன். அவர், "உங்கிட்ட நான் இத எதிர்பார்க்கலப்பா" என்று மட்டும் சொன்னார்.

அதற்கப்புறம் நடந்ததைச் சுருக்கமாகச் சொல்கிறேன். ஓடுகிற பிளான்ட் எதிலும் நான் கைவைக்கக் கூடாது என்றாகிவிட்டது. ஓய்வு பெறும்வரை கையேடு எழுதிக்கொண்டிருந்தேன். அதிலும் பாதி அவளுடைய இன்டர்ஃபேஸுக்கான கையேடு. ஏழுமலையைச் சில மாதம் கேன் கழுவும் பக்கம் மாற்றினார்கள். தாமோதரன் சார் பிளான்ட் முதலாளியிடம் போய், தப்பு எங்கள் ஆள் மேல்தான், சிஸ்டத்தின் மேல் இல்லை என்று நேரிலேயே சொல்லிவிட்டு வந்தார். ஸ்டெல்லாவின் வேலை நிரந்தரமானது. அவள் செய்தது இன்று எல்லா பிளான்ட்டிலும் ஓடுகிறது. அவளோ இரண்டு வருடத்தில் பெங்களூரில் பெரிய வேலைக்குப் போய்விட்டாள். அதைக் கேட்டபோதும் எனக்கு வயிறு எரியத்தான் செய்தது.

அந்த மூன்றாம் நாள் சாயங்காலத்தைத்தான் நான் மறக்கவில்லை. திண்டிவனம் பஸ் ஸ்டாண்டில் நானும் அவளும் விழுப்புரம் பஸ்ஸுக்கு நின்றுகொண்டிருந்தோம். பிளான்ட்டிலிருந்து அதுவரை அவள் என்னிடம் ஒரு சொல் பேசவில்லை. கூட்டமான கூட்டம். என்னால் அந்த மௌனத்தைத் தாங்க முடியவில்லை.

"பொறாமைம்மா. வேற ஒண்ணும் இல்ல. உம்மேல எனக்கு அப்பிடி ஒரு பொறாமை" என்றேன்.

அதைச் சொல்லிவிட்டால் பாரம் இறங்கும், அவளும் கொஞ்சம் இளகுவாள் என்று எதிர்பார்த்தேன். வயதில் மூத்தவன் வாய்விட்டுச் சொல்லிவிட்டேனே.

"அது எனக்கு மொத நாளே தெரியும் சார்" என்றாள். "நான் போர்டுல கட்டம் போடும்போதே உங்க மூஞ்சியப் பாத்தேன். அதனாலதான் அந்த லிஸ்ட்ட உங்ககிட்ட குடுத்தேன். பொறாமை இருக்கறவருகூட கணக்கா வேல செய்வாரு, வேலையில பொறாமைய காட்ட மாட்டாருன்னு நெனச்சுத்தான் குடுத்தேன்."

பஸ் வந்தது. அவள் முன்வாசலில் ஏறிப் பெண்கள் இருக்கையில் உட்கார்ந்துகொண்டாள். பின்வாசலில் எனக்கும் இடம் இருந்தது. கண்டக்டர், "விழுப்புரம் ஏறுங்க, ஏறுங்க" என்று இரண்டு தடவை என்னைப் பார்த்துச் சொன்னார். நான் ஏறவில்லை.